ஏறிய விலை யார் கணக்கில்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் பர்ச்சேஸ் பார்த்தவனுக்கு விலையேற்றம் புதிதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் இரும்புக்கு ஜே.பி.சி. விலை என்று ஒன்று இருந்தது. ஜாயிண்ட் பிளாண்ட் கமிட்டி அறிவிப்பதுதான் விலை. ஏறினால் ஊருக்கெல்லாம் ஒன்றாக ஏறும். யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. 1992 ஜனவரியில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை என் பிழைப்பே இரண்டு கடிதங்களுக்கு நடுவில்தான் ஓடியது. ஒன்று, ஸ்டாக்கிஸ்ட் எங்களுக்கு எழுதும் கடிதம்: விலை ஏற்றியிருக்கிறோம், இன்று முதல் அமல். மற்றது, நாங்கள் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் பெரிய கம்பெனிகளுக்கு எழுதும் கடிதம்: ஷீட் விலை ஏறிவிட்டது, தயவுசெய்து ரேட்டைத் திருத்தித் தரவும்.

முதல் கடிதத்துக்கு அன்றே பணம் கட்ட வேண்டும். இரண்டாவதற்குப் பதில் வர மூன்று மாதமாவது ஆகும். வந்தாலும் முதல் கேள்வி ஒன்றேதான்: "பழைய விலையில் வாங்கிய ஸ்டாக் உங்களிடம் எவ்வளவு இருக்கிறது?" அதைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் ஏற்றம் கிடைக்கும். அப்போதெல்லாம் எரிச்சலாக வரும். ஆனால் யோசித்துப் பார்த்தால் கேள்வியில் நியாயம் இருந்தது. விலை எவ்வளவு ஏறியது என்பது பேப்பர் பார்த்தாலே தெரியும். சரக்கு எந்தத் தேதியில், யார் பணத்தில் வாங்கப்பட்டது என்பதுதான் விஷயம். அந்தக் கேள்வியை நானே ஒருவரிடம் கேட்கும் நாள் வரும் என்று மட்டும் அப்போது நினைத்ததில்லை.

ஓய்வு பெற்றபின் கேரவன் கட்டலாம் என்று சொன்னது என் மனைவி. கோயில் கோயிலாகப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பஸ்ஸில் வருவது அவள் பழக்கம். திருநெல்வேலி வரை அப்படி வந்து, இறங்கியதும் தலைசுற்றி உட்கார்ந்தவள். "கார் வேணாம், கழிப்பறை உள்ள வண்டி வேணும்" என்றாள். கொரோனா வந்து, லாட்ஜில் தங்கவும் பயமாகிப் போனது. பி.எஃப். பணத்தில் ஒரு பகுதியை எடுப்பது என்று முடிவாயிற்று. பட்டாபிராமில் எங்கள் தெருவில் விஷயம் பரவியதும் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "சினிமாவுக்கு வாடகைக்கு விடப் போறீங்களா சார்?" கேரவன் என்றால் நடிகர் உட்காரும் ஏ.சி. வண்டி என்றுதான் சென்னைப் பக்கம் அர்த்தம். அப்படிப்பட்ட வண்டிகளைக் கட்டும் பட்டறைகள் பூந்தமல்லியைச் சுற்றி இருக்கின்றன. படப்பிடிப்புத் தளங்களும் பக்கம்தான்.

பழைய வேன் ஒன்றை மலிவாக வாங்கிப் பிரித்துக் கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. ஆனால் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று. பிரித்துக் கட்டிவிட்டு ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்று ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது. அதன்படி வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கி வைத்திருக்கும் பட்டறையாகத் தேடினேன். புதிய கவுல் சேசிஸை, அதாவது முன்முகமும் இன்ஜினும் மட்டும் உள்ள வண்டியை, நாமே வாங்கிக் கொடுத்து அதன் மேல் பாடி கட்டுவது என்று ஏற்பாடு. இதில் வரிக்கணக்கும் ஒன்று உண்டு. பாடி கட்டுகிறவரே சேசிஸ் வாங்கி முழு வண்டியாக விற்றால் அது சரக்கு; அன்றைக்கு 28 சதவீதம். நம் சேசிஸில் அவர் பாடி மட்டும் கட்டித் தந்தால் அது சேவை, 18 சதவீதம். பஸ் பாடி கட்டுவோருக்காக 2018 ஆகஸ்டில் வந்த ஜி.எஸ்.டி. சுற்றறிக்கை இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஆர்.சி.யில் பிரச்சினை இல்லை. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வாகனம், வெள்ளை போர்டுதான்.

பட்டறைக்காரர் கரூர்ப் பக்கம். பஸ் பாடி கட்டும் ஊரில் சின்ன வயதிலேயே வெல்டிங் பழகி, பூந்தமல்லிக்கு வந்து சொந்த ஷெட் போட்டவர். என்னைவிட இருபது வயது இளையவர் என்பதால் 'தம்பி' என்றே கூப்பிட்டேன். 2020 அக்டோபரில் பாடிக்கு 13 லட்சம், வரி தனி என்று பேசி முடித்தோம். கொட்டேஷன் ஒரே பக்கம். 'கட்டில் 2, சமையல் மேடை 1, கழிப்பறை 1' என்று வரிசையாக எழுதி, அடியில் ஒரே தொகை. 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தேன். சேசிஸும் வந்து ஷெட்டின் கோடியில் தார்பாய் போர்த்தி நின்றது.

அதற்கப்புறம் உலகமே விலையேற்றத்தில் இறங்கியது. 2020 மார்ச்சில் லண்டன் சந்தையில் டன் 5,000 டாலருக்குக் கீழே கிடந்த செம்பு, 2021 மே மாதம் 10,000 டாலரைத் தாண்டியது. கப்பலில் கன்டெய்னர் வாடகை பல மடங்கானது. 2021 மார்ச் மாதம் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டியது வேறு. ஏப்ரல் 22 முதல் தொழிற்சாலைகளுக்கு ஆக்சிஜன் தருவதை மத்திய அரசு நிறுத்தியது, ஆஸ்பத்திரிகளுக்கே போதவில்லை. கேஸ் கட்டிங் செய்யும் பட்டறைகள் படுத்துவிட்டன. மே 10 அன்று தமிழ்நாட்டில் ஊரடங்கு. அந்த வாரத்தில்தான் போன் வந்தது.

"சார், இரும்பு விலை எங்கியோ போயிடுச்சுங்க. பழைய ரேட்டுக்கு முடியாதுங்க. இருபது பர்சன்ட் சேத்துக் குடுத்தீங்கன்னா வேலைய ஆரம்பிச்சிடலாமுங்க."

இருபது பர்சன்ட் என்றால் 2,60,000 ரூபாய். நான் போனில் ஒன்றும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் விலையேற்றக் கடிதம் எழுதியவனுக்கு அந்தச் சதவீதம்தான் உறுத்தியது. ஏற்றத்தை ரூபாயில் கேட்பவரிடம் கணக்கு இருக்கும். சதவீதத்தில் கேட்பவரிடம் பெரும்பாலும் கணக்கு இருக்காது, கஷ்டம்தான் இருக்கும்.

ஜூனில் ஊரடங்கு தளர்ந்ததும் பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டி, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லிக்குப் போனேன். ஷெட்டில் பாதி ஆள்தான். வெல்டர்கள் இரண்டு பேர் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. சுவரோரம் 40-க்கு 40, இரண்டு எம்.எம். ஸ்கொயர் பைப் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. "தம்பி, என் வண்டிக்கு இது எத்தனை லெங்த் பிடிக்கும்?" என்று கேட்டேன்.

"நாப்பது பிடிக்குங்க, சில்லறையெல்லாம் சேத்து."

மார்க்கிங் பென்சிலை வாங்கி, கீழே கிடந்த பிளைவுட் துண்டில் எழுத ஆரம்பித்தேன். ஆறு மீட்டர் லெங்த் ஒன்று ஏறக்குறைய 14 கிலோ. நாற்பது லெங்த் 560 கிலோ. அக்டோபரில் கிலோ 55-க்கு விற்றது, இப்போது 78. வித்தியாசம் 23. பெருக்கினால் 12,880 ரூபாய்.

அவர் பென்சிலை வாங்கி மறுபடி பெருக்கிப் பார்த்தார். அதேதான் வந்தது. சிரித்துவிட்டார். "இவ்வளவுதானுங்களா?"

இரும்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் ஏறியது உண்மை. ஆனால் 13 லட்சம் ரூபாய் வேலையில் பைப்பின் பங்கு அக்டோபர் விலையில் 30,800 ரூபாய். நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. எஸ்டேட்டில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. பேப்பரில் எந்தப் பொருளின் பெயர் அடிபடுகிறதோ, எல்லோரும் அதன் பெயரைச் சொல்லியே ஏற்றம் கேட்பார்கள். உண்மையில் கையைக் கடிப்பது வேறு பொருளாக இருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கேட்கிறவருக்கே அது தெரிந்திருக்காது.

அதனால் ஒவ்வொரு வரியாகப் போனோம். அலுமினியமும் ஜி.ஐ. ஷீட்டும்: 18,000 ஏற்றம். பிளைவுட், மைக்கா: 16,000. இன்சுலேஷன் ஃபோம், சீட்டு, ரெக்சின்: 14,000. கூரைக்கும் முன்முகத்துக்கும் குளியலறைக்குமான ஃபைபர் வேலை, அதாவது ரெசினும் மேட்டும்: 35,000. செம்பு வயர், பேட்டரி: 21,000. வெளிநாட்டிலிருந்து வரும் சாமான்கள், கூரை ஏ.சி., பன்னிரண்டு வோல்ட் ஃபிரிட்ஜ், கழிப்பறைப் பெட்டி: 62,000. ஆளுக்கு ஆள் ஒரு கடைக்குப் போன் போட்டு அன்றைய விலை கேட்டோம். மொத்தம் கூட்டினால் 1,78,880. அவர் கேட்ட 2,60,000-க்கும் இதற்கும் நடுவில் 81,120 ரூபாய் நின்றது. எந்தப் பொருளின் ஏற்றமும் இல்லை அது. இருபது சதவீதத்தை மொத்தத் தொகைமேல் போட்டதால் கூலிமேலும் லாபத்தின்மேலும் விழுந்தது.

அந்த 62,000 பற்றி ஒரு வார்த்தை. கூரை ஏ.சி.யும் ஃபிரிட்ஜும் ஏன் அப்படி ஏறின என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. கொரோனாவில் விமானமும் ஓட்டலும் வேண்டாம் என்று அமெரிக்கர்கள் கேரவன் வாங்க ஓடினார்கள். 2021-ல் மட்டும் அந்நாட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து வெளியே போன கேரவன்கள் ஆறு லட்சம். அதுவரை எந்த வருஷமும் அவ்வளவு போனதில்லை. ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களிடம் அங்கேயும் கூடுதல் பணம் கேட்டார்கள். பூந்தமல்லியில் நிற்கும் ஒரு வண்டியின் ஃபிரிட்ஜுக்கு அவர்களோடு நாம் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கு முடிந்ததும் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "தம்பி, அக்டோபர்ல அஞ்சு லட்சம் குடுத்தேனே, அதுக்கு என்ன சரக்கு வாங்கினீங்க?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஷெட்டின் மறுபக்கம் நின்ற பெரிய வண்டியைக் காட்டினார். சினிமாவுக்குக் கட்டிய கேரவன். பெயிண்ட் வரை முடிந்து நின்றது. "அந்த வண்டிக்குப் போயிடுச்சுங்க சார். ஷூட்டிங் நின்னதுல பார்ட்டி பேலன்ஸ் தரலிங்க."

எனக்கு அதிர்ச்சி இல்லை. பாடி கட்டும் தொழிலில் பாதிப் பட்டறை இப்படித்தான் ஓடுகிறது. இன்று வந்தவர் அட்வான்ஸில் நேற்று வந்தவர் வண்டி முடியும். இவர் வண்டியை முடிக்க நாளை ஒருவர் வர வேண்டும். விலை அசையாமல் இருக்கும் வரை இதில் யாருக்கும் நஷ்டம் தெரியாது. விலை ஏறும்போதுதான் நடுவில் விட்டுப்போன சரக்கு கண்ணில் படும். என் ஐந்து லட்சம் அக்டோபரிலேயே பைப்பாக, ஷீட்டாக, பிளைவுட்டாக மாறியிருந்தால் அவற்றின் ஏற்றம் எங்கள் இருவரையும் தொட்டிருக்காது.

ஆகவே பிரிக்கும் வழி எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. என் அட்வான்ஸில் வாங்கியிருக்க வேண்டிய சரக்கின் ஏற்றம் அவருடையது. நான் இன்னும் பணமே கொடுக்காத சரக்கின் ஏற்றம் என்னுடையது. ஏ.சி., ஃபிரிட்ஜ், வயர், பேட்டரி எல்லாம் கடைசித் தவணையில் வாங்குபவை. அந்த 83,000 என் கணக்கு. மீதி 95,880 உங்கள் கணக்கு என்றேன்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுக்காதது சரியும்கூட. "சார், பைப்பு ஷீட்டு சரிங்க. ரெசினை எப்படிங்க அக்டோபர்ல வாங்கி வெக்கிறது? நம்மூரு வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள மே மாசம் வரைக்கும் வெச்சா டிரம்முக்குள்ளயே கெட்டியாயிடும்." எழுந்து போய் மூலையில் கிடந்த ஒரு பழைய கேனைத் தூக்கி வந்து கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டும் விழவில்லை. உள்ளே பழுப்பாக, பாறை மாதிரி இறுகிக் கிடந்தது. பாலியெஸ்டர் ரெசினுக்கு ஆயுள் சில மாதம்தான். வெயிலில் அதுவும் குறையும். ரெசின் 35,000 என் பக்கம் வந்தது.

இன்னொன்றும் கேட்டார். "எல்லாத்தையும் வாங்கி அடுக்கி, அப்புறம் விலை எறங்கிட்டா?" அதற்கும் என்னிடம் ஞாபகம் இருந்தது. 2008-ல் முதல் பாதி முழுக்க இரும்பு ஏறியது. இன்னும் ஏறும் என்று எஸ்டேட்டில் பலர் கடன் வாங்கி ஷீட்டை அடுக்கினார்கள். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, அடுக்கியவர்கள்தான் முதலில் ஷட்டரை இறக்கினார்கள். ஆனால் அவர்கள் யூகத்தில் வாங்கினார்கள். ஆர்டர் கையில் இருந்து, பாடியின் விலையும் பேசியாகிவிட்ட பிறகு, சரக்கு இறங்கினாலும் பட்டறைக்கு நஷ்டமில்லை. போட்ட கணக்கு போட்டபடி நிற்கும். சூதாட்டம் எதுவென்றால் பேசிய விலைக்கு சரக்கு வாங்காமல் இருப்பதுதான்.

கூலிக்கு நானே 20,000 கூட்டினேன். வெல்டர் தினக்கூலி உயர்ந்திருந்தது. ஊருக்குப் போனவர்களைக் கூப்பிட்டு வர வண்டிச் செலவும் ஆகும். லாபம் மட்டும் அக்டோபரில் பேசிய ரூபாயிலேயே நிற்கட்டும் என்றேன். பொருள் ஏறினால் பொருளுக்குப் பணம்; அதன் தலையில் லாபத்தையும் ஏற்றக் கூடாது. ஆக என் பங்கு 83,000, 35,000, 20,000, மொத்தம் 1,38,000. ஏற்றத்துக்கும் ஜி.எஸ்.டி. உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுவார்கள். 18 சதவீதம் 24,840 சேர்ந்து, கையைவிட்டுப் போனது 1,62,840.

கறாராக இருந்திருந்தால் ஒரு பைசாவும் கூடத் தர வேண்டாம் என்று சொன்ன நண்பர்கள் உண்டு. கொட்டேஷனில் கையெழுத்து இருக்கிறது, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் ஒருவர். போகலாம். ஆனால் என் சேசிஸ் அவர் ஷெட்டில் நிற்கிறது. பட்டறை மூடினால் ஜெயித்த தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை வண்டியை டோ செய்து கொண்டு வர வேண்டும். எங்கள் கம்பெனிக்கே பெரிய கம்பெனிகள் ஏற்றத்தை மறுத்த வருஷங்கள் உண்டு. அப்போதெல்லாம் சம்பளம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும்; பார்ட்ஸில் ஷீட் கனம் குறையும். மறுக்கப்பட்ட ஏற்றம் மறைந்து போவதில்லை. வேறு எங்காவது போய் உட்காரும். வண்டி பாடியில் அது உட்காரும் இடம் வெல்டிங்கிலும் இன்சுலேஷனிலும்தான். உள்லைனிங் அடித்து மூடியபிறகு யார் பார்க்கிறார்கள்?

அதற்குப் பின் பணம் கொடுக்கும் முறையை மாற்றினோம். அட்வான்ஸ் என்ற சொல்லே கிடையாது. இருவரும் கடைக்குப் போவோம். பில் அவர் ஜி.எஸ்.டி. எண்ணில், இல்லாவிட்டால் அவருக்கு உள்ளீட்டு வரவு கிடைக்காது. காசோலை நேராகக் கடைக்காரர் பெயருக்கு. சரக்கு ஷெட்டுக்கு வந்ததும் சாக்பீஸில் என் வீட்டுப் பெயர் எழுதப்படும். முதல் நாள் அதைப் பார்த்து மேஸ்திரி முறைத்தார். ஒரு வாரத்தில் அவரே வேறு வண்டிக்காரர்களிடம், "அந்தப் பைப்பத் தொடாதீங்க, சார் பேர் எழுதியிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பேசி நிறுத்திய விலை அதோடு நிற்கவில்லை. சட்டம் அடித்து நின்ற வண்டிக்குள் மனைவி ஏறிப் பார்த்தாள். சமையல் மேடை கழிப்பறைக் கதவுக்கு எதிரே இருந்தது. "இங்க நின்னு சமைக்க மாட்டேன்" என்றாள். மேடை இடம் மாறியது. கூடவே தண்ணீர்க் குழாய், வயரிங், ஜன்னல் எல்லாம் மாறின. வரைபடம் திருத்தி மறுபடி ஒப்புதல். பிறகு கொசுவலைக் கதவு, பெரிய தண்ணீர் டாங்க், பேரப்பிள்ளைகளுக்கு மடக்குக் கட்டில். 2022 ஜனவரியில் வண்டி எடுக்கும்போது இந்த வகையில் மட்டும் 94,000 ஆகியிருந்தது. அதற்கு இரும்பும் காரணமில்லை, சூயஸும் காரணமில்லை. விலையேற்றம் வேறு, ஆசையேற்றம் வேறு. இரண்டையும் ஒரே பில்லில் போட்டால் பட்டறைக்காரர் கொள்ளையடித்ததாகத்தான் ஊரில் பேசுவோம். தனித்தனியாகப் போடச் சொன்னேன். மனைவி இரண்டாவது பில்லை மட்டும் தன் டப்பாவில் வைத்துக்கொண்டாள். அவள் கணக்கில் அது செலவே இல்லை.

பூந்தமல்லி ஆர்.டி.ஓ.வில் டி.என். 12 எண் வாங்கி வண்டி ஓடத் தொடங்கியபின், தம்பி போன் செய்தார். புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்குக் கொட்டேஷன் எழுத ஒரு ஃபார்ம் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். மூன்று பத்தி: ஒன்று, உடனே வாங்கும் சரக்கு: அன்றைய விலை உறுதி, அட்வான்ஸ் அதற்கே; இரண்டு, பின்னால் வாங்கும் சரக்கு: வாங்கும் நாளின் பில் விலை, ஏறினாலும் இறங்கினாலும் வாடிக்கையாளருக்கே; மூன்று, கூலியும் லாபமும்: ரூபாயில், மாறாது. 2022 மே மாதக் கடைசியில் மத்திய அரசு இரும்பு ஏற்றுமதிக்கு 15 சதவீத வரி போட்டதும் உள்ளூர் விலை சரிந்தது. இரண்டாம் பத்தியில் பைப் எழுதியிருந்த ஒருவருக்குக் கொஞ்சம் பணம் திரும்பிப் போனதாகவும், அவர் நம்பாமல் பில்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்ததாகவும் தம்பி சொன்னார்.

ஃபார்மை அச்சடித்து எனக்கொரு பிரதி அனுப்பியிருந்தார். அடியில் அவரே ஒரு வரி சேர்த்திருந்தார்: "வேலை தொடங்குவதற்கு முன் வீட்டம்மாவை ஒருமுறை அழைத்து வந்து, சாக்பீஸ் கோட்டில் நிற்க வைத்துக் காட்டவும்." நான் எழுதிய மூன்று பத்தியைவிட அந்த ஒரு வரிதான் அதிகப் பணத்தை மிச்சம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.